பாத்திரம் கழுவியது யார்?

வாட்ஸ்அப் குழுவில் "ஞாயிறு கோத்தோங் ரோயோங், எல்லாரும் வாங்க" என்று போட்டால் இருபது பேர் கட்டைவிரல் காட்டுவோம். வேலை நடக்கும் இடத்தில் பார்த்தால் ஐந்து பேர்தான் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருப்பார்கள். நம் எல்லாருக்கும் பழகிய காட்சிதான்.

போன வருடம் தைப்பூசத்துக்கு முதல் நாள், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் அன்னதான வேலை. நான் நாற்காலி அடுக்கும் குழு. ஆள் 9 பேர், நாற்காலி 40. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு கதை பேசிக்கொண்டு நின்றோம். பின்பக்கம் ஓர் அக்கா தனியாக அண்டா கழுவுவது எனக்குத் தெரியும். "யாராவது போவாங்க" என்று நினைத்தேன். மற்ற எட்டுப் பேரும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள். இந்த வருடம் அக்கா வரவில்லை. கேட்டதற்கு, "நான் மட்டும் என்னப்பா ஏமாளியா?" என்றார்.

உளவியலில் இதற்கு 'சோஷியல் லோஃபிங்' என்று பெயர். கூட்டத்தோடு சேரும்போது ஒருவர் தன் முழு பலத்தையும் போடாமல் விடுவது. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மேக்ஸ் ரிங்கெல்மன் 1913இல் வெளியிட்ட கணக்கின்படி, 8 பேர் சேர்ந்து வேலை செய்யும்போது ஒருவரின் பங்கு அவர் தனியாகச் செய்வதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நாங்கள் படிக்கும் மெக்கானிக்ஸில் ஒரே பக்கம் இழுக்கும் விசைகளைக் கூட்டினால் சரியாகக் கூடும். மனுஷனைக் கூட்டினால் கூடவில்லை!

ஆட்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து இழுக்காததே முக்கியக் காரணம் என்று அவர் நினைத்தார். 1979இல் அமெரிக்காவில் லட்டானேயும் இரண்டு சக ஆய்வாளர்களும் மாணவர்களைக் கத்தச் சொல்லி, கை தட்டச் சொல்லி சத்தத்தை அளந்தார்கள். கண்ணைக் கட்டி, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, "உன்னோடு இன்னும் ஐந்து பேர் கத்துகிறார்கள்" என்று பொய் சொன்னபோது, தனியாகக் கத்தியவரின் சத்தமே 74 சதவீதத்துக்கு இறங்கியது. பக்கத்தில் ஆள் இருக்கிறது என்ற நினைப்பே போதும். ஆனால் 1981இல் அதே குழு, ஒவ்வொருவரின் சத்தமும் தனித்தனியாக அளக்கப்படுகிறது என்று தெரியவைத்தபோது அந்தச் சரிவு காணாமல் போனது. அக்காவின் கோபத்தையும் 1983இல் நார்பர்ட் கெர் ஆராய்ந்திருக்கிறார். செய்யக்கூடிய ஒருவர் நழுவுவதைப் பார்த்தால், உழைப்பவரும் கையை இழுத்துக்கொள்கிறார்.

காப்பார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய என் பாட்டிக்கு இந்த ஆய்வெல்லாம் தேவைப்படவில்லை. "அவங்கவங்க பால அவங்கவங்க பேர்ல நிறுப்பாங்க. அங்க எப்படிப்பா ஏமாத்துறது?" என்றார்.

நம் புராணத்திலும் இது இருக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 61ஆவது படலம், மண் சுமந்த படலம். வைகை பெருக்கெடுத்தபோது பாண்டியன் "எல்லாரும் வாங்க" என்று பொதுவாகச் சொல்லவில்லை. கரையை அளந்து வீட்டுக்கு ஒரு பங்கு கொடுத்தான். பிட்டு விற்கும் கிழவி வந்திக்கும் ஒரு பங்கு. அவளுக்காகக் கூலியாளாக வந்த சிவபெருமான் பிட்டைச் சாப்பிட்டுவிட்டு ஆடினார், பாடினார், தூங்கினார். பங்கு அளந்திருந்ததால்தான் எந்த இடம் அடைபடவில்லை என்று உடனே தெரிந்தது.

அங்கே கதையை நிறுத்திவிடக் கூடாது. அரசன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன்மேலும், ஊரில் எல்லார்மேலும் விழுந்தது. சோம்பேறி என்று ஒருவரைக் குழுவில் எல்லார் முன்னாலும் திட்டினால் என்ன ஆகும் என்று நாமும் பார்த்திருக்கிறோம். இன்னொன்று, வந்தியால் அந்தப் பங்கைச் செய்யவே முடியாது. தனி ஆள், வயதானவள். எங்கள் குழுவில் ஒரு தம்பி எப்போதும் ஓரமாக உட்கார்ந்திருப்பான். அவனைப் பற்றி நானே கிண்டல் செய்திருக்கிறேன். இரவெல்லாம் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு நேராக வருகிறான் என்று பிறகுதான் தெரிந்தது.

ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்குப் போனபோது, காலையில் வெள்ளைப் பலகை முன்னால் பத்து நிமிடம் நிற்போம். ஒரு வேலைக்கு இரண்டு மூன்று பேர்தான், பெயரோடு. செய்ய முடியாதென்றால் அங்கேயே சொல்லலாம். யாரும் முறைக்க மாட்டார்கள். சாயங்காலம் முடிந்ததா என்று அதே பலகையில் குறிப்போம். வேறு பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

சித்திரைப் புத்தாண்டு அன்னதானத்துக்கு அதையே செய்து பார்த்தோம். மணிலா அட்டையில் எழுதி கிள்ளானில் மண்டபச் சுவரில் ஒட்டினோம். காய்கறி 4 பேர், பரிமாற 6, நாற்காலி 2, அண்டா 3. தம்பி தானே கேட்டு காலை எட்டு மணிக்கே தேங்காய் துருவிவிட்டு வீட்டுக்குத் தூங்கப் போனான். இரண்டு பேர் வராமல் ஏமாற்றினார்கள், உண்மைதான். ஆனால் எந்த வேலைக்கு ஆள் இல்லை என்று ஒன்பது மணிக்கே தெரிந்ததால் ஆள் மாற்ற முடிந்தது. அண்டா வரிசையில் என் பெயரும் இருந்தது. அடி பிடித்த பாயசத்தைச் சுரண்ட முக்கால் மணி நேரம் ஆகிறது, எனக்குத் தெரியாது.

அட்டையைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது: "அடுத்த தடவ வரேன். என்னை பரிமாற போடுங்க."