புண்பட்ட உள்ளமும் பெற்ற திறனும்



கவித்திறன் துன்பத்தில் பிறப்பது என்று கூறுவோர் உளர். துயருற்றவரிடம் சென்று, "எல்லாம் நன்மைக்கே" என்று உரைப்போரும் உளர். இக்கூற்றுகள் பொருந்துமா என்பதைப் பனாரசிதாசர் என்னும் சமண வணிகரின் வாழ்வைக் கொண்டு ஆராய்வோம்.

பனாரசிதாசர் 1586-ஆம் ஆண்டு ஜான்பூரில் பிறந்தவர். கவி பாடும் ஆற்றல் அவருக்கு இளமையிலேயே வாய்த்தது. பதினான்கு வயதளவில் காமச்சுவை மிகுந்த நூலொன்றை ஆயிரம் பாக்களில் இயற்றினார். சில ஆண்டுகள் கழித்துக் கோமதி ஆற்றுப் பாலத்தில் நண்பர்களுக்கு அதனைப் படித்துக் காட்டுகையில், அத்தனையும் பொய்யெனத் தோன்றவே, சுவடியை ஆற்றில் எறிந்தார்.

பெருந்துயரம் பின்னரே வந்தது. மும்முறை மணந்த அவர், மனைவியர் இருவரை இழந்தார். அவருக்குப் பிறந்த ஆண்மக்கள் எழுவரும் பெண்மக்கள் இருவரும் ஒருவர் எஞ்சாமல் மாண்டனர்.

ஆகவே, அவருடைய திறனைத் துயரம் தரவில்லை. நம் ஆகமமும் இதனையே தெளிவுறுத்துகிறது. அறிவாற்றல் ஞானாவரணீய வினை ஓரளவு தணிவதால் விளங்குவது. துன்பம் அசாதா வேதனீய வினையின் உதயத்தால் வருவது. ஒன்று மற்றொன்றின் தாயன்று.

எனினும், இரண்டும் ஓர் உள்ளத்திலேயே தங்குகின்றன. அன்புக்குரியோரைப் பிரிந்து ஓயாது வருந்துதலை ஆர்த்தத் தியானத்தின் ஒரு வகையாகத் தத்துவார்த்த சூத்திரம் கூறும். அதிலேயே அமிழ்ந்தவனுடைய திறனும் உடன் அமிழும். பனாரசிதாசரோ 1636-இல், குந்தகுந்தரின் சமயசாரத்தைத் தழுவிச் 'சமயசார நாடகம்' பாடினார். பொன்னூர் மலையில் நாம் வணங்கும் அதே குந்தகுந்தரே அவருக்கும் வழிகாட்டி. 1641-இல், தமது ஐம்பத்தைந்தாம் வயதில், தம் வரலாற்றையே 'அர்த்த கதானகம்' என்று எழுதினார். மனித ஆயுளை 110 ஆண்டுகளாகக் கொண்டு, அதில் பாதியைச் சொல்வதால் அப்பெயர். அந்நூலில் தம் பொருளாசையையும் பிற குறைகளையும் தாமே எடுத்துரைத்தார். பற்று குறையக் குறைய அமைதி பெருகும் என்று அறிந்திருந்தும், மக்களை இழந்த துயரை அவர் மறைக்கவில்லை.

குற்றத்தையும் துயரையும் உள்ளவாறு நோக்கிக் கூறுதல், நாம் ஆலோசனை என்று வழங்கும் நெறிக்கு ஒப்பானது. ஒருகாலத்தில் பொய்யைப் பாடிய திறன், அந்நேர்மையினால்தான் மெய்யைப் பாடியது.

எனவே, மகவை இழந்த தாயிடம், "இதனால் நன்மை விளையும்" என்று கூறாதீர்கள். "உன் வினை" என்று கூறி விலகிச் செல்வதும் அஹிம்சை ஆகாது. அருகிருந்து கேட்பதே நம் கடமை. அவர் தம் துயரைத் தாமே சொல்லத் தொடங்கும் நாளில், அவரிடம் முன்னரே இருந்த திறனும் விழித்தெழக்கூடும்.

சிந்தனைக்கு:
1. நம் திறன்களுள் எதனை நாம் கோமதியில் எறிய வேண்டும்?
2. நாம் மறைத்து வைத்துள்ள புண் எது? அதனை யாரிடம் உரைக்கலாம்?