விடியற்காலை இருமல்

ஆவடியில் வசிக்கும் ஒரு தாயின் செல்பேசியில் பத்து விநாடி ஒலிப்பதிவு ஒன்று இன்னும் இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்குத் தூக்கத்திலேயே இருமும் நான்கு வயது மகள். நெஞ்சுக்குள் ஏதோ களகளவென்று புரளும் சத்தம்.

ஏழு வாரமாக அந்த இருமல். சிரப், நெபுலைசர், "வீசிங்கா இருக்கும்" என்று தரப்பட்ட இன்ஹேலர், எல்லாம் ஆயிற்று. "டாக்டர் முன்னாடி மட்டும் இருமவே மாட்டா. அதனாலதான் பதிவு பண்ணினேன்" என்கிறார். நாள்பட்ட இருமல் உள்ள குழந்தையை வைத்திருக்கும் எவருக்கும், இப்படிப் பதிவு செய்துவைக்கும்படிதான் முதலில் சொல்லலாம்.

குழந்தை நல மருத்துவர் முதலில் கேட்டது: வறட்டு இருமலா, சளி இருமலா? "சளியே வரலையே" என்றார் தாய். சின்னக் குழந்தைகள் சளியைத் துப்புவதில்லை, விழுங்கிவிடுகிறார்கள். காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது காசநோய் உண்டா, கடலை தின்னும்போது புரையேறியதா என்றும் விசாரித்தார். மூச்சுக்குழாயில் சிக்கிய நிலக்கடலைகூட மாதக்கணக்கில் இருமவைக்கும். எக்ஸ்ரேயும் எடுத்தார்கள்.

மூச்சுக்குழாயில் பாக்டீரியா தங்கிப்போன நாள்பட்ட அழற்சி என்று தெரிந்தது. இதைப் பலமுறை ஆஸ்துமா என்றே நினைத்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நாள்பட்ட இருமலோடு வந்த 108 சிறுவர்களை ஆராய்ந்து 2006-இல் வெளியான ஆய்வில், ஐந்தில் இருவருக்கு இந்த நோய்தான் இருந்தது. கவனிக்காமல் விட்டால் மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்து பழுதாகும் அபாயம் உண்டு.

இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக். ஐந்தாம் நாளே இருமல் பாதியாகக் குறைந்ததும், "போதும், உடம்பு சூடாயிடும்" என்றார் பாட்டி. தாய்க்கும் அதே எண்ணம்தான். ஆனால் சளியில் படலமாக ஒட்டிக்கொண்ட கிருமி அத்தனை சீக்கிரம் போகாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் பதினான்கு நாளும் கொடுத்து முடித்தார். அதே மருந்தை அடுத்த இருமலுக்குத் தாமாகக் கடையில் வாங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாதாரணச் சளிக்கு அது தேவையே இல்லை.

வீட்டில் ஏற்றிவந்த கொசுவர்த்தியையும் சிகிச்சை தொடங்கிய அன்றே நிறுத்தி, கொசுவலை கட்டினார்கள். ஒரு சுருள் கக்கும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. மூடிய அறையில், இரவு முழுக்க, குழந்தையின் தலைமாட்டில்!

இந்த மழைக்காலத்தில் மகளுக்கு மறுபடி இருமல் வந்தது. எத்தனை நாள் நீடிக்கிறது என்று பார்க்கத் தாய் காலண்டரில் தேதியை வட்டமிட்டார், காலையில் காதைக் கொடுத்துக் கேட்டார். வறட்டு இருமல். பன்னிரண்டாம் நாள் நின்றுவிட்டது.