தூண்டில் வளைவை வரையப்போகும் இளம் வரைவாளருக்கு

ஆட்டோகேடில் பிளாக் என்பது ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டு பலமுறை எடுத்துப் போடும் உருவம். 2006 பதிப்பில் வந்த டைனமிக் பிளாக், போட்ட பிறகும் அந்த உருவத்தின் அளவை மாற்ற வழி செய்தது. உருவத்தின் மேல் தெரியும் கிரிப்பை இழுத்தால் கதவு அகலமாகும், மேசை நீளும். நேர்கோடுகளால் ஆன பொருளுக்கு இப்படி ஒரு பிளாக் செய்வது எளிய வேலை. வளைவு வந்ததும் நிலைமை மாறுகிறது. ஒரு முனையை இழுத்தால் மறுமுனையில் இடைவெளி விழும், தொடுகோடு கோணலாகும், அரைவட்டம் தட்டையாகும்.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் வரைவு வேலைக்கு வரும் இளைஞர் வளைவிடமிருந்து தப்ப முடியாது. வீட்டு முகப்பிலும் பள்ளிவாசல் வாசலிலும் குருசடியிலும் ஆர்ச் உண்டு. தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் முகத்துவாரத்தில் மீன்பிடித் துறைமுகமும் அதன் அலைத் தடுப்புச் சுவர்களும் இருக்கின்றன. ஆற்றுக்கு அப்பால் இரயுமன்துறையிலிருந்து நீரோடி வரை நீளும் கரையில் கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவுகள் போடப்படுகின்றன. இந்தக் கடிதம் அவற்றை வரையப்போகிறவருக்கானது. ஆனால் தொடங்குவதற்கு ஆர்ச்தான் ஏற்றது. அதில் கணக்கு சிறியது.

ஒரு வட்டவில்லை மூன்று அளவுகள் ஆள்கின்றன: அடியில் உள்ள அகலம், நடுவில் உள்ள உயரம், ஆரம். வில் அரைவட்டத்தைத் தாண்டாதவரை, இவற்றில் எந்த இரண்டைக் கொடுத்தாலும் மூன்றாவது தானே வந்துவிடும். அகலத்தின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, அதனுடன் உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம் கிடைக்கும். 1200 மில்லிமீட்டர் அகலமும் 300 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஜன்னல் ஆர்ச்சுக்கு ஆரம் 750. உயரத்தை 600 ஆக்கினால் ஆரமும் 600 ஆகி அது அரைவட்டமாகிவிடும். அதற்கும் மேலே உயரத்தைக் கூட்டினால் வில் சுவரைத் தாண்டி இரு பக்கமும் பிதுங்கி, குதிரை லாடம் போலாகும். அது வேண்டுமென்றே வரைகிற வடிவமாகவும் இருக்கலாம், கவனக்குறைவில் வந்த பிழையாகவும் இருக்கலாம்.

வளைவுக்கான பிளாக்கில் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி மென்பொருளைப் பற்றியது அல்ல. மூன்றில் எந்த இரண்டு அளவு வேலையிடத்தில் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. வீட்டுக்காரருக்குத் தெரிவது அகலமும் உயரமும். கொத்தனாருக்கு வேண்டியது ஆணி அடிக்கும் இடமும் நூலின் நீளமும், அதாவது மையமும் ஆரமும். மேலே சொன்ன ஜன்னலில் வில் தொடங்கும் மட்டத்துக்கு 450 மில்லிமீட்டர் கீழே, நடுவில், ஆணி இருக்க வேண்டும். ஆகவே பிளாக்கில் அகலத்துக்கும் உயரத்துக்கும் மட்டும் கிரிப் வைப்பதும், ஆரத்தையும் மையத்தையும் படிக்க மட்டும் காட்டுவதும் சரியான ஏற்பாடு. மூன்றுக்கும் கிரிப் வைத்த பிளாக் பார்க்கத் திறமையாகத் தெரியும்; முதல் இழுப்பிலேயே ஒன்றோடொன்று முரண்படும்.

ஸ்ட்ரெச் கட்டளை வில்லை எப்படி நடத்துகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பலர் பிளாக் செய்யத் தொடங்குகிறார்கள். வில்லின் ஒரு முனையை இழுக்கும்போது ஆட்டோகேட் ஆரத்தைக் காப்பாற்றுவதில்லை. நாணின் நடுவிலிருந்து வில்லின் உச்சி வரை உள்ள உயரத்தைத்தான் காப்பாற்றுகிறது. 1200 அகல ஜன்னலை 1500 ஆக இழுத்தால் உயரம் 300 ஆகவே நிற்கும், ஆரம் 1087.5 ஆகிவிடும். உயரம் மாறாத ஆர்ச் வரிசைக்கு இது வரப்பிரசாதம். லீனியர் பாராமீட்டரும் ஸ்ட்ரெச் ஆக்‌ஷனும் போதும், வேறெதுவும் வேண்டாம். அரைவட்டத்துக்கு இதே குணம் பகை. அகலம் கூடும், உயரம் கூடாது, அரைவட்டம் அரைவட்டமாக இருக்காது. முழு வட்டமும் நீள்வட்டமும் ஸ்ட்ரெச்சுக்கு மசிவதே இல்லை. அவற்றுக்கு மையத்தை அடிப்புள்ளியாகக் கொண்ட ஸ்கேல் ஆக்‌ஷன்தான் வழி.

2010 பதிப்பில் வந்த வடிவியல் கட்டுப்பாடுகள் இந்தச் சிக்கலில் பெரும்பகுதியைத் தீர்த்தன. நாண் கிடைமட்டம், வில்லின் முனைகள் சுவர்க் கோட்டோடு ஒட்டியவை, நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவுக்கு ஒரு செங்குத்துக் கோடு என்று பிளாக் எடிட்டரில் சொல்லிவிட்டால் போதும். அந்தச் செங்குத்துக் கோட்டைக் கட்டுமானக் கோடாக மாற்றினால் போட்ட பிளாக்கில் அது தெரியாது. அகலத்துக்கு ஒரு பாராமீட்டர், செங்குத்துக் கோட்டுக்கு ஒரு பாராமீட்டர். ஆரத்தை மென்பொருளே கண்டுபிடிக்கும். மேலே சொன்ன சூத்திரம் சரிபார்க்க மட்டும் பயன்படும். பழைய ஆக்‌ஷனையும் புதிய கட்டுப்பாட்டையும் ஒரே கோட்டின் மேல் ஏற்றக் கூடாது. இரண்டில் எது முந்தும் என்று ஊகித்து வேலை செய்ய முடியாது. ஆட்டோகேடின் எல்டி பதிப்பு மட்டும் உள்ள அலுவலகத்தில், கட்டுப்பாடு போட்ட பிளாக்கைப் பயன்படுத்த முடியும், புதிதாகக் கட்டுப்பாடு போட முடியாது. அங்கே பழைய முறைதான்.

இனி தூண்டில் வளைவு. மேலிருந்து பார்த்தால் கரையிலிருந்து கடலுக்குள் போகும் நேர்த் தண்டு, அதைத் தொட்டுத் திரும்பும் வில், கடைசியில் உருண்டையான தலை. கருங்கல் மேடு என்பதால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கோடு போதாது. நடுக்கோடு, மேல்தளத்தின் இரு விளிம்புகள், கடலடியில் சரிவு முடியும் இரு அடிவிளிம்புகள் என ஐந்து கோடுகள் சேர்ந்தே திரும்ப வேண்டும். வில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மையம். ஆரம் மட்டும் வேறு.

கணக்குக்காக ஒரு வடிவம்: மேல்தள அகலம் 5 மீட்டர், மேல்தளத்திலிருந்து கடலடி வரை உயரம் 7 மீட்டர், இருபுறமும் ஒன்றுக்கு ஒன்றரை சரிவு. நடுக்கோட்டிலிருந்து அடிவிளிம்பு வரை தூரம் இரண்டரையும் பத்தரையும் சேர்ந்து 13 மீட்டர். நடுக்கோட்டின் ஆரம் 40 மீட்டர் என்றால் உள் அடிவிளிம்பின் ஆரம் 27, வெளி அடிவிளிம்பின் ஆரம் 53. இதைப் பாராமீட்டர் மேனேஜரில் சூத்திரமாக எழுத வேண்டும். கையால் எண்ணைத் தட்டினால் உயரம் மாறும் நாளில் ஐந்து கோடுகளும் ஒன்றுக்கொன்று பொய் சொல்லும். இங்கே ஸ்கேல் ஆக்‌ஷனை நாடுவது பெரும் தவறு. ஸ்கேல் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெருக்கும். கடல் ஆழமானால் அடிவிளிம்பு மட்டும் விரியும், மேல்தளம் 5 மீட்டராகவே இருக்கும். ஆரத்துக்குக் கீழ்வரம்பும் தேவை. நடுக்கோட்டின் ஆரம் 13 மீட்டருக்குக் கீழே போனால் உள் அடிவிளிம்புக்கு வில்லே மிஞ்சாது.

எந்த அளவுக்குக் கிரிப், எதற்கு வெறும் எண் என்பதில் கண்டிப்பு வேண்டும். ஆரம்ப கட்டத்தில் பொறியாளர் அடிக்கடி மாற்றுவது தண்டின் நீளத்தையும் திரும்பும் கோணத்தையும்தான். இவற்றுக்குக் கிரிப் கொடுக்கலாம். ஆரத்துக்குச் சில அளவுகள் மட்டும் கொண்ட பட்டியல் போதும். சரிவும் மட்டமும் பிராப்பர்ட்டீஸ் பலகையில் தட்டச்சு செய்து மாற்றும் எண்களாக மட்டுமே இருக்க வேண்டும். கை தவறி இழுத்ததில் மேட்டின் சரிவு மாறிப்போவது வரைபடத்தில் கண்ணுக்கே தெரியாது.

தலைப்பகுதி தனிக் கதை. அலை அங்கே பல பக்கங்களிலிருந்து அடிக்கிறது, உருண்டையான மேற்பரப்பில் கற்களின் பிணைப்பும் தளர்வு. அதனால் தலையில் கற்கள் கனமாகவோ, சரிவு தாழ்வாகவோ, இரண்டுமாகவோ வைக்கப்படுகின்றன. மேற்படி கணக்கில் தலைக்கு மட்டும் ஒன்றுக்கு இரண்டு என்று சரிவு கொடுத்தால் அடிவிளிம்பின் ஆரம் 13 அல்ல, 16.5 மீட்டர். வில்லின் அடிவிளிம்பும் தலையின் அடிவிளிம்பும் சேரும் இடத்தில் மூன்றரை மீட்டர் வித்தியாசம் நிற்கிறது. தலைக்கும் வில்லுக்கும் தொடுகோட்டுக் கட்டுப்பாடு போட்டு வைத்திருந்தால் பிளாக் சரிவு மாற்றத்தை ஏற்காது, அல்லது எங்கோ வேறொரு கோட்டை வளைத்துச் சமாளிக்கும். சரியான வழி இரண்டுக்கும் நடுவே ஒரு மாறுநிலைத் துண்டை வைத்து, அதன் நீளத்தைத் தனிப் பாராமீட்டராக்குவது. அந்தத் துண்டு நிஜத்திலும் கட்டப்பட வேண்டியது. வரைபடத்துக்காகச் செய்யும் தந்திரம் அல்ல.

இந்த எண்களின் எடை கல்லில் தெரியும். 40 மீட்டர் ஆரத்தில் 60 பாகை திரும்பும் வில்லின் நடுக்கோட்டு நீளம் 41.9 மீட்டர். குறுக்குவெட்டுப் பரப்பு 108.5 சதுர மீட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 4,545 கன மீட்டர் மேடு. இருபுறச் சரிவும் ஒன்றாக இருக்கும்வரை நடுக்கோட்டு நீளத்தால் பெருக்குவது சரி. கடல்புறம் தாழ்வாகவும் கரைப்புறம் செங்குத்தாகவும் இருந்தால் குறுக்குவெட்டின் ஈர்ப்பு மையம் நகர்ந்துவிடும், அந்த மையத்தின் பாதை நீளத்தைத்தான் எடுக்க வேண்டும். தலையை அரைக்கூம்பு வெட்டாக எடுத்தால் ஒன்றரைச் சரிவில் சுமார் 761 கன மீட்டர், ஒன்றுக்கு இரண்டு சரிவில் சுமார் 1,172. ஒரே ஓர் எண்ணை மாற்றியதில் 400 கன மீட்டருக்கு மேல் கூடுதல். எத்தனை லாரி கருங்கல் என்பதை ஒப்பந்தக்காரர் உடனே கணக்குப் போட்டுவிடுவார். வரைவாளரும் போடப் பழகுவது நல்லது.

பிளாக்கின் எல்லையும் இங்கேதான். மேலே சொன்ன கணக்கு கடலடி சமமாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் தண்டு நீள நீள ஆழம் கூடும், முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மணல் மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும், தென்மேற்குப் பருவத்துக்கு முன் எடுத்த ஆழ அளவு பருவத்துக்குப் பின் செல்லாது. அடிவிளிம்பு சீரான வில்லாக இருப்பது பிளாக்கில் மட்டும்தான். எனவே எங்கே போடலாம், எவ்வளவு திரும்பலாம் என்று பல மாதிரிகளை ஒப்பிடும் கட்டத்தில் டைனமிக் பிளாக் அருமையான கருவி. இறுதி அளவுப் பட்டியலுக்கு அதை நம்பக் கூடாது. ஆழ அளவீட்டின் மேல் குறுக்குவெட்டுகள் எடுத்துத்தான் கணக்கு எழுத வேண்டும்.

வள்ளத்தின் விலாவை டைனமிக் பிளாக்காக்கும் ஆசை கடலோர இளைஞருக்கு வருவது இயல்பு. அதை விட்டுவிடலாம். வள்ளத்தின் வளைவு வட்டவில் அல்ல, ஸ்ப்ளைன். ஒரு புள்ளியை இழுத்தால் வளைவின் வழவழப்பு எங்கே கெடும் என்று சொல்ல முடியாது. அதற்குப் படகு வடிவமைப்புக்கென்றே உள்ள மென்பொருள்கள் இருக்கின்றன.

செய்து முடித்த பிளாக்கை டெஸ்ட் பிளாக் சாளரத்தில் சோதிக்கும்போது பழகிய அளவுகளில் பார்த்துத் திருப்தி அடைவது பொதுவான பழக்கம். பிளாக் உடைவது ஓரங்களில்: மிகச் சிறிய ஆரம், பூஜ்யத்தை நெருங்கும் கோணம், அரைவட்டத்தைத் தாண்டும் உயரம். அந்த மூன்றிலும் தாங்கினால் மற்றதில் தாங்கும். கட்டுப்பாட்டு நிலையைக் காட்டும் வசதியை எடிட்டரில் இயக்கி வைத்தால் முழுதாகக் கட்டுப்பட்ட கோடுகள் தனி நிறத்தில் தெரியும். அந்த நிறம் வராத கோடு ஒன்று மிஞ்சினாலும் வேலை முடியவில்லை.

கோப்பு கைமாறும்போதும் கவனம் வேண்டும். அளவு மாற்றிய ஒவ்வொரு பிளாக்கையும் ஆட்டோகேட் உள்ளுக்குள் பெயரற்ற தனிப் பிளாக்காகச் சேமிக்கிறது. வேறு மென்பொருளில் திறப்பவருக்குப் பல நேரம் கிரிப்பும் தெரியாது, பாராமீட்டரும் தெரியாது. அசையாத கோடுகள் மட்டுமே தெரியும். ஆகவே பாராமீட்டர் மதிப்புகளைத் தரவுப் பட்டியலாகப் பிரித்தெடுத்து வரைபடத்தாளிலேயே அட்டவணையாக வைக்க வேண்டும். கடலில் கல் இறக்குபவர்கள் பிளாக்கைப் பார்ப்பதில்லை; அளவையாளர் குறித்துத் தரும் புள்ளிகளைப் பார்த்தே இறக்குகிறார்கள். வில்லின் மையம், தொடக்கம், முடிவு ஆகிய மூன்று புள்ளிகளின் ஆயத்தொலைகளும் ஆரமும் அந்த அட்டவணையில் இல்லையென்றால் வரைபடத்தைக் கையொப்பத்துக்கு அனுப்பக் கூடாது.