நாயும் பேசாக் குழந்தையும்

மனிதன் முதன்முதல் பழக்கிய விலங்கு நாய் என்பர். வேட்டைக்கும் காவலுக்கும் அதனைத் துணைக்கழைத்த மனிதன், மருத்துவத்துக்கும் அழைக்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். பிறர் முகம் நோக்காமல், பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாமல், தம்முள்ளேயே ஒடுங்கியவர்போல் வாழும் குழந்தைகளுக்கு நாய் துணை நிற்கும் என்ற கருத்து இன்று பல நாடுகளில் ஆராயப்பட்டு வருகிறது. அவ்வாராய்ச்சி எதனைக் காட்டுகிறது, எதனைக் காட்டவில்லை, மறையூர் போன்ற மலையூருக்கு அதனால் பயன் உண்டா என்பவற்றை இங்கே காண்போம்.

இக்குழந்தைகளின் நிலையை 1943-ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைக் கண்டறிந்து விளக்கி எழுதினார். அவர் ஆண்ட ‘ஆட்டிசம்’ என்ற சொல், ‘தான்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் மதியிறுக்கம் என்கின்றனர்; தன்முனைப்புக் குறைபாடு என்றும் சிலர் எழுதுகின்றனர். பின்னது பொருந்தாப் பெயர் என்பது என் கருத்து. தன்முனைப்பு என்றால் அகந்தை என்றன்றோ ஊரார் கொள்வர்? ஒரு பாவமும் அறியாத குழந்தைக்கு அப்பெயர் எதற்கு? ஆகவே ஆட்டிசம் என்றே இக்கட்டுரையில் வழங்குவோம்.

இது தாயின் அன்புக் குறைவால் வருவது என்று ஒரு காலத்தில் அறிஞர்கள் சிலரே சொன்னார்கள். அது பிழை என்று பின்னர்த் தெளிவாயிற்று. மூளையின் வளர்ச்சி முறையில் பிறவியிலேயே அமைந்த வேறுபாடு இது. மருந்து கொடுத்து மாற்றிவிடக் கூடியதன்று. ஆயினும், இளமையிலேயே கண்டுணர்ந்து பயிற்சி தந்தால் பேச்சும் பழக்கமும் பெரிதும் வளரக் கூடும்.

இனி நாய்க்கு வருவோம். போரிஸ் லெவின்சன் என்பவர் நியூயார்க்கில் குழந்தைகளுக்கு மனநல மருத்துவம் பார்த்தவர். ஒடுங்கிப்போயிருந்த சிறுவன் ஒருவனைப் பெற்றோர் குறித்த நேரத்துக்கு முன்பே அழைத்து வந்துவிட்டனர். லெவின்சனின் காலடியில் படுத்திருந்த அவருடைய நாய் ஜிங்கிள்ஸ் எழுந்து ஓடி அவனை நக்கியது. சிறுவன் அஞ்சவில்லை, நாயை அணைத்துக்கொண்டான். சில நாள் நாயோடு மட்டும் விளையாடியவன், பிறகு மெல்ல மருத்துவரையும் அந்த விளையாட்டில் சேர்த்துக்கொண்டான். இதனை அவர் உளவியலார் கூட்டத்தில் எடுத்துரைத்தபோது சிலர் நகைத்தனர். கட்டணத்தில் நாய்க்கு எத்தனை பங்கு என்றும் கேட்டனராம். அவர் தளரவில்லை. 1962-இல் கட்டுரையாகவும், 1969-இல் நூலாகவும் வெளியிட்டார்.

நாய் அப்படி என்ன செய்கிறது? மனித முகம் ஆட்டிசக் குழந்தைக்குக் கடினமான பாடம். நாம் பேசும்போது சொல் ஒன்று, குரல் ஒன்று, கண் ஒன்று, புருவம் ஒன்று என நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. ‘நன்றாய் இருக்கிறதே!’ என்று நாம் சொன்னால் அது பாராட்டோ ஏளனமோ, குரலை வைத்தல்லவா அறிய வேண்டும்? நாய்க்கு இந்த இரட்டைப் பேச்சு இல்லை. மகிழ்ந்தால் வாலாட்டும், வேண்டாமென்றால் விலகிப் போகும். விடை கேட்டு நச்சரிக்காது. உடலும் வெதுவெதுப்பானது, ஒரே சீராகத் தடவிக்கொண்டிருப்பதில் பல குழந்தைகள் அமைதி பெறுகின்றனர்.

அதனினும் சிறந்தது, பயிற்சி தருவோருக்கு அது தரும் வாய்ப்பு. சட்டைப் பொத்தானைப் போட மறுக்கும் குழந்தை நாயின் கழுத்துப் பட்டையைப் பூட்ட ஆவலோடு வருகிறது. ‘உட்கார்’ என்று சொன்னால் நாய் உட்காருகிறது! தன் சொல்லுக்கு ஓர் உயிர் இணங்குவதை அதற்கு முன் காணாத குழந்தைக்கு அது பெரிய செய்தி. பத்து முறை சீப்பால் வாருவது எண்ணுப் பாடம். பந்தை எறிந்து காத்திருப்பது முறை காக்கும் பாடம். நாய் இருவருக்கும் நடுவில் நிற்க, குழந்தை அதைப் பற்றி ஆசிரியரிடம் பேசத் தொடங்குகிறது.

ஆராய்ச்சிகள் சிலவற்றைப் பார்ப்போம். 2002-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் இத்தகைய குழந்தைகள் 10 பேருக்குப் பந்து, பொம்மை நாய், உயிருள்ள நாய் ஆகிய மூன்றும் தனித்தனியே தரப்பட்டன. உயிருள்ள நாய் இருந்தபோதே அவர்களிடம் விளையாட்டும் கவனமும் மிகுந்தன. 2010-இல் கனடாவில் 42 குழந்தைகளின் உமிழ்நீரைச் சோதித்தனர். விழித்தெழுந்தவுடன் கார்ட்டிசால் என்னும் சுரப்பு பெரும்பாலோர்க்கு உயரும். மன அழுத்தத்தோடு தொடர்புடையது அது. நாய் வருமுன் அவ்வுயர்வு 58 விழுக்காடு. பழக்கிய நாய் வீட்டில் இருந்தபோது 10 விழுக்காடு. நாயைத் திரும்பப் பெற்றபின் 48 விழுக்காடு. இந்தக் கடைசி எண்ணே முதன்மையானது. நாய் போனதும் பழைய நிலை ஏறக்குறைய மீண்டது என்றால், குறைவுக்கு நாயே காரணம் என்று ஊகிக்க இடமுண்டு.

ஆனால் ஒன்றை மறைத்தல் கூடாது. 10 குழந்தைகள், 42 குழந்தைகள் என்பன சிறிய தொகைகள். 2013-இல் மார்கரிட் ஓஹேர் என்பவர் 14 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, நம்பிக்கை தருவனவாயினும் முறையில் வலுக் குறைந்தவை என்று எழுதினார். அதே ஆண்டில் அவரும் குழுவினரும் ஆஸ்திரேலியப் பள்ளிகளில் கினிப் பன்றிகளைக் கொண்டு செய்த ஆய்விலும், பொம்மைகளோடு இருந்ததைவிட விலங்கோடு இருந்தபோது ஆட்டிசக் குழந்தைகள் மிகுதியாகப் பேசினர், சிரித்தனர். எனவே நாய்க்கே உரிய தனித்திறன் எவ்வளவு, உயிருள்ள எந்தத் துணைக்கும் பொதுவானது எவ்வளவு என்பது இன்னும் முடிந்த வழக்கன்று. நாய் மருந்தன்று, பயிற்சிக்கு ஒரு துணைக்கருவி.

நம் நாட்டில் இம்முயற்சி புதிதன்று. ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் 1991-இல் தொடங்கிய ‘டாக்டர் டாக்’ திட்டத்தைச் சென்னையில் புளூ கிராஸ் நிறுவனம் மேற்கொண்டு, சிறப்புப் பள்ளிகளுக்கு நாய்களை அழைத்துச் சென்றது. மும்பையில் மினல் கவிஷ்வர் முதலியோர் தொடங்கிய அனிமல் ஏஞ்சல்ஸ் என்னும் அமைப்பு இத்துறையிலேயே பணிபுரிந்து வந்திருக்கிறது. எல்லாம் பெருநகரங்கள்.

மறையூரின் நிலை வேறு. சந்தனக் காட்டுக்கும் வெல்லத்துக்கும் பெயர் பெற்ற ஊர். அவ்வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு பக்கம் மூணாறு, மறு பக்கம் உடுமலைப்பேட்டை. இரண்டும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். உடுமலைச் சாலை யானை நடமாடும் சின்னாறுக் காட்டின் வழியே செல்கிறது. கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளி ஒருவர் வாரம் இருமுறை வேலையை விட்டுப் பிள்ளையைப் பேருந்தில் ஏற்றிப் பயிற்சிக்குப் போய்வருவதென்றால், கூலியும் போயிற்று, பேருந்துக் கட்டணமும் போயிற்று. மொழித் தொல்லை வேறு. வீட்டில் தமிழ், அலுவலகங்களில் மலையாளம். ஒரு மொழியே வராத குழந்தைக்கு இரண்டு மொழியில் பயிற்சி! நாய்க்கு மட்டும் இந்த எல்லைத் தகராறு இல்லை. தமிழில் ‘வா’ என்றாலும் பழகினால் வரும்.

நாயைப் பற்றிய அச்சமும் பொய்யன்று. உலகில் வெறிநாய்க்கடியால் இறப்போருள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இந்தியர் என்று உலக நல நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 2023 ஜூனில் கண்ணூர் மாவட்டத்தில் பேச இயலாத சிறுவன் ஒருவன் தெருநாய்களால் கடிபட்டு இறந்தான்; கூவி உதவி கேட்கவும் அவனால் முடியவில்லை. ஆகவே தெருநாயைப் பிடித்துப் பழக்கிப் பார்ப்போம் என்று எவரும் துணிதல் வேண்டா. கோம்பை, இராசபாளையம் முதலிய நம் நாய்கள் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை. அயலாரை ஐயுறுவது அவற்றின் இயல்பு. இப்பணிக்குப் பெரும்பாலும் லாப்ரடார் போன்ற சாந்தமான இனங்களையே தேர்கின்றனர். இனத்தைவிடத் தனி நாயின் குணமே பெரிது. காதைப் பிடித்து இழுத்தாலும் சீறாததே தேறும்.

எனவே முறைப்படி செய்யலாம். கேரளத்தில் ஊராட்சிகள் நடத்தும் ‘பட்ஸ்’ சிறப்புப் பள்ளிகள் 2004-இல் வெங்ஙானூரில் தொடங்கின. மூணாற்றில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென ‘டேர்’ என்னும் சிறப்புப் பள்ளி உண்டு. இத்தகைய பள்ளிக்குத் தேறிய நாயொன்றைப் பழக்குநருடன் பதினைந்து நாளுக்கொரு முறை வரவழைத்தால், ஒவ்வொரு வீட்டிலும் நாய் வாங்கும் செலவு இல்லை. முதலில் குழந்தையைச் சோதித்தறிய வேண்டும். பேச்சுப் பயிற்சியை நிறுத்தி நாயிடம் விடுதல் தவறு. குரைப்பொலியும் ஈர நாக்கும் சில குழந்தைகளுக்குத் தாங்கா; அவர்களை வற்புறுத்தலாகாது. ஆண்டுதோறும் தடுப்பூசி, குடற்புழு மருந்து, கால்நடை மருத்துவர் சான்று ஆகியவை வேண்டும்.

நாயின் களைப்பையும் கவனிக்க வேண்டும். உறக்கமின்றியே கொட்டாவி விடுதல், அடிக்கடி வாயை நக்குதல், முகத்தைத் திருப்புதல் ஆகியன அதற்கு அலுத்துவிட்டது என்பதன் அடையாளம். அப்போது குழந்தை எவ்வளவு மகிழ்ந்து விளையாடினாலும் பழக்குநர் பாடத்தை நிறுத்தி, நாய்க்குத் தண்ணீர் வைத்து நிழலில் படுக்க விடுவார்.