தங்கமீனும் ஒரு மாஸ் பேலன்ஸ் கணக்கும்

"கோல்டு ஃபிஷ்ஷுக்கு ஞாபகம் மூணு செகண்ட்தான்" என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. அதை முதலில் பார்த்துடலாம்.

இஸ்ரேலில் உள்ள பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனை 2022-ல் வெளியானது. சக்கரம் வைத்த வண்டி, அதன் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி, மீனைக் கவனிக்க ஒரு கேமரா. மீன் தொட்டியின் எந்தப் பக்கம் நீந்துகிறதோ அந்தப் பக்கம் வண்டி நகரும். அறையில் இருக்கும் வண்ணப் பலகையைத் தொட்டால் தீனி. 6 தங்கமீன்கள் இந்த வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டன. கிளம்பும் இடத்தை மாற்றினாலும் பலகையைத் தேடிப் போயின. மூணு செகண்ட் ஞாபகத்தில் டிரைவிங் கத்துக்க முடியுமா?

இரண்டாவது நம்பிக்கை, "அது சீக்கிரம் செத்துடும்." இங்கிலாந்தில் 1956-ல் ஒரு சந்தையில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன் 1999 வரை, அதாவது 43 வருஷம் வாழ்ந்தது. அது சாதனைதான், ஆனால் நல்லா வளர்த்தால் 10, 15 வருஷம் என்பது சாதாரணம். அப்போ ஹாஸ்டல் மேஜையில் இருக்கும் பவுல் மீன் மட்டும் ஏன் இரண்டு வாரத்தில் மிதக்குது?

உடம்புக்குள்ளே

தங்கமீன் கெண்டை குடும்பத்தைச் சேர்ந்தது. சீனாவில் 1000 வருஷங்களுக்கு முன்பே, பச்சை கலந்த சாம்பல் நிற மீன்களில் எப்போதாவது பிறந்த மஞ்சள், ஆரஞ்சு மீன்களைத் தனியாகப் பிரித்து வளர்த்து உருவாக்கிய இனம் இது. குளத்தில் விட்டால் ஒரு அடி நீளம்கூட வளரும்.

இதுக்கு இரைப்பை கிடையாது. தொண்டையில் இருக்கும் பற்களால் அரைத்ததும் உணவு நேராகக் குடலுக்குப் போயிடும். சேமித்து வைக்க இடம் இல்லாததால் எந்நேரமும் தீனி தேடும். நாம் பசிக்குதுன்னு நினைச்சு போட்டுக்கிட்டே இருப்போம். புரதம் செரிக்கும்போது வரும் நைட்ரஜன் கழிவை நம்ம உடம்பு யூரியாவாக மாற்றுகிறது. தங்கமீன் அதை அமோனியாவாகவே, பெரும்பாலும் செவுள் வழியாக, தண்ணீரில் விடுகிறது. ஆறு, குளத்தில் அது கரைந்து போயிடும். பவுலில் எங்கே போகும்?

கணக்கு போடலாம்

ஒரு நாளைக்கு 0.2 கிராம் தீனி, அதில் 40% புரதம் என்று வைப்போம். புரதத்தில் சுமார் 16% நைட்ரஜன். 0.2 × 0.4 × 0.16 = 0.0128 கிராம், அதாவது 12.8 மில்லிகிராம் நைட்ரஜன். இதில் பாதி அமோனியாவாக வெளியே வந்தால் 6.4 மில்லிகிராம்.

5 லிட்டர் பவுலில்: ஒரு நாளைக்கு லிட்டருக்கு 1.28 மில்லிகிராம்.
100 லிட்டர் தொட்டியில்: ஒரு நாளைக்கு லிட்டருக்கு 0.064 மில்லிகிராம்.

அதே மீன், அதே தீனி, ஆனால் 20 மடங்கு வித்தியாசம். நல்ல தொட்டியில் அமோனியா டெஸ்ட் கிட் பூஜ்யம் காட்டணும். பவுலில் மூணே நாளில் லிட்டருக்கு 4 மில்லிகிராமை நெருங்குது. இதில் பிஎச்சும் முக்கியம். பிஎச் 7-லிருந்து 8 ஆனால், விஷமான அமோனியாவின் பங்கு ஏறக்குறைய 10 மடங்கு ஏறும். வெயில் ஏறினாலும் அது கூடும். மேலும் 20 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் 7.5 தான். பவுலைக் கழுத்து வரை நிரப்பினால் காற்று படும் பரப்பும் குறையும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உறையும் குளிரில், ஆக்ஸிஜனே இல்லாத தண்ணீரிலும் தங்கமீன் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். உடம்பில் சேரும் லாக்டிக் அமிலத்தை எத்தனாலாக மாற்றி, செவுள் வழியாக வெளியே தள்ளிடும். ஆமாம், அதே ஆல்கஹால்தான்! அவ்வளவு கெட்டியான மீனையும் பவுல் ஜெயிச்சிடுது.

கண்ணுக்குத் தெரியாத ஃபில்டர்

இயற்கையில் இந்த அமோனியாவை பாக்டீரியா கவனித்துக்கொள்ளும். ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரைட்டும் ஆபத்துதான், ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். நைட்ரேட் அந்த அளவுக்கு மோசமில்லை. ஃபில்டர் ஸ்பாஞ்சில் இந்த பாக்டீரியா போதுமான அளவு குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். கடையில் வாங்கிய அன்றே புது பவுலில் விடுகிற மீனுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை.

என்ன செய்யலாம்?

கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போனால் முதலில் தொட்டி வாங்குங்க, மீன் அப்புறம். ஒன்றிரண்டு மீனுக்கு 75 முதல் 100 லிட்டர், கூடவே ஃபில்டர். வாரம் ஒருமுறை கால்வாசி தண்ணீரை மாற்றுங்க. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கும் மருந்து கலந்த பிறகு ஊற்றுங்க. ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவாதீங்க, பாக்டீரியா செத்துடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்க. தீனி கொஞ்சமா போடுங்க.

ஏற்கெனவே பவுலில் மீன் இருக்கா? பெரிய டப் கிடைத்தால் இன்றைக்கே மாத்துங்க. அதுவரை தினமும் கொஞ்சம் தண்ணீர் மாத்தினால் அமோனியா ஏறும் வேகம் குறையும், ஆனால் முழுசா நிக்காது. வளர்க்க முடியலைன்னா ஏரியில் மட்டும் விட்டுடாதீங்க, அடிச்சேற்றைக் கிளறி மற்ற உயிர்களுக்குத் தொல்லையாகிடும். கடையிலோ நண்பரிடமோ கொடுத்துடுங்க.

இடம் இல்லை, பட்ஜெட் இல்லை என்றால், மீன் வாங்காமல் இருப்பதும் நல்ல டிசைன் முடிவுதான்.