ஊக்க மருந்தின் தக்க அளவு

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு பள்ளிச் சிறுவர்க்கே உரியதென்று நம்மிற் பலர் கருதுவர். அஃது அவ்வாறன்று. ஓடித்திரியும் இயல்பு வயதோடு தணியினும், தொடங்கிய கருமத்தை முடிக்கவொண்ணாமையும் காலந்தவறுதலும் மறதியும் வளர்ந்தோர் பலரிடத்து எஞ்சிநிற்கும். அவற்றால் உத்தியோகத்தை இழந்தாரும் உளர்.

இத்தகையார்க்கு ஊக்க மருந்து கொடுப்பது முரண்பாடாகத் தோன்றலாம். 1937 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் றோட் ஐலண்டில் சாள்ஸ் பிராட்லி என்னும் மருத்துவர் சிறுவர் 30 பேர்க்குப் பென்செட்றீன் கொடுத்தார். அவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் பாடங்களில் வியக்கத்தக்க முன்னேற்றங் காட்டினர். 1944 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் மெதயில்பெனிடேற்று ஆக்கப்பட்டது. இன்று வளர்ந்தோர்க்கும் அது வழங்கப்படுகிறது.

எவ்வளவு கொடுப்பது என்பதே வினா. வளர்ந்தோரில் உடல்நிறை அதற்கு நம்பத்தக்க அளவுகோலன்று. பருத்தவர்க்குச் சிற்றளவு போதியதாதலும், மெலிந்தவர்க்குப் பேரளவு வேண்டியிருத்தலும் உண்டு. ஆதலின் மருத்துவர் இதயநோய் உண்டோவென முதலில் வினவி, 5 மில்லிகிராம் போன்ற சிற்றளவிலே தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்துவர். குருதியமுக்கமும் நாடித்துடிப்பும் இடையிடையே அளக்கப்படும். முதற்படியிற் பயன் காணாமையால் மருந்தே பொய்யென விட்டுவிடுவோர் பலர்.

இதற்கு மறுதலையான தவறு இன்னும் பொல்லாதது. முதல்நாட் கிளர்ச்சியையே குணமென மயங்கி, அது மங்கியதும் மேலும் அளவு வேண்டுவர். அளவு மிகுந்தால் சிரிப்பும் பேச்சும் அடங்கி, மனம் ஒன்றையே பற்றி இறுகிக்கிடக்கும். அதனை அமைதியென எண்ணி ஏமாறுதல் எளிது. 1977 இல் ஸ்பிரேக், சிலீற்றர் என்போர் சிறுவரிடத்து நடாத்திய ஆய்வில் நினைவுத்திறன் சிற்றளவிலே சிறந்தது. ஆசிரியர் மெச்சிய நன்னடத்தையோ பேரளவிலே மிகுந்தது. பின்வந்த ஆய்வுகள் யாவும் இதற்கு உடன்படவில்லையாயினும், ஆசிரியராகிய நமக்கு இது சற்றே நாணந்தருஞ் செய்திதான்!

மற்றொன்று. விரைந்து செயற்படும் மெதயில்பெனிடேற்று ஏறத்தாழ 4 மணிநேரமே நிற்கும். காலை 8 மணிக்கு உண்டது நண்பகலில் ஓய்தல் அளவின் குறையன்று, நேரத்தின் குறை. அதற்கு வேளையை மாற்றுதலோ நெடுநேரம் நிற்கும் வகையைக் கொள்ளுதலோ மருத்துவர் கூறும் பரிகாரமாம்.

மருந்துண்ட நேரம், உறக்கம், பசி, அன்று முடித்த கருமங்கள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருதல் நன்று. இல்லாள் கண்டதையும் அதிற் சேர்த்தெழுதுக. நோயாளர் தாம் உணராத சினமும் சோர்வும் பெரும்பாலும் அவர் கண்ணிலேயே முதற்படும்.