மலைச்சாலையும் பதினாறு வயதும்

நுழையும்முன்

ஓட்டுநர் உரிமம், காப்பீட்டுச் சான்று ஆகிய இரண்டும் காவலரிடம் காட்டுவதற்காக வைத்திருக்கும் தாள்கள் என்றே பலர் எண்ணுகின்றனர். உரிமம் இல்லாதவரிடம் சாவி போய்ச் சேரும்போது காப்பீடு யாரைக் காக்கும், யாரைக் கைவிடும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சங்க இலக்கியம் பொதினி என்று குறிக்கும் மலை, இன்று பழனிமலைத் தொடர் எனப்படுகிறது. அதன்மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் அமைந்துள்ளது. வத்தலக்குண்டு வழியாக ஏறும் சாலை 1916இல் பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. பழனியிலிருந்து ஏறும் சாலை பெருமாள்மலையில் அதனோடு சேர்கிறது. கோடையில் திரளும் ஊர்திகளைக் கட்டுப்படுத்த, சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. கொடைக்கானலுக்கும் அப்பால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலிய சிற்றூர்கள் உள்ளன. இத்தகைய மலையூர்களில் ஒரு பேருந்தைத் தவறவிட்டவர் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க நேரும். வீட்டு ஊர்தியின் சாவி பள்ளி மாணவர் கைக்குப் போவது இங்கே பகட்டால் அன்று, பெரும்பாலும் தேவையால். சட்டத்தை விளக்க முற்படுவோர் இத்தேவையை முதலில் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

ஆயினும் மலைச்சாலை வயது பார்த்து இரங்குவதில்லை. இரண்டு ஊர்திகள் தாராளமாக விலக இயலாத குறுகிய இடத்தில், இறங்கும் ஊர்தி ஒதுங்கி நின்று ஏறும் ஊர்திக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. ஏற்றத்தில் நின்றுவிட்ட ஊர்தியை மீண்டும் கிளப்புவது கடினம் என்பதே இதன் காரணம். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் இடைவிடாது அழுத்திவந்தால் அது சூடேறித் தன் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினே வேகத்தைத் தடுத்து நிறுத்தும். சமவெளியில் பழகியவரே கொண்டை ஊசி வளைவுகளில் தடுமாறுவர்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பொது இடத்தில் ஊர்தி ஓட்டுவதற்கு 18 வயதை வரம்பாக வைத்துள்ளது. 16 வயது நிரம்பியோர் 50 சி.சி.க்கு மிகாத எஞ்சின் கொண்ட இருசக்கர ஊர்தியை உரிமம் பெற்று ஓட்டலாம். 18 வயதுக்குக் குறைந்தோர் பழகுநர் உரிமம் பெறுவதற்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்துவழி ஒப்புதல் தேவை. இச்சலுகையே ஊர்ப்புறங்களில் ஒரு தவறான நம்பிக்கைக்கு இடமளித்துவிட்டது. 1980இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 இவ்வரம்புக்குள் அடங்கியது. அதன் வழிவந்த எக்ஸ்.எல். 100 ஏறத்தாழ 100 சி.சி. எஞ்சின் உடையது. உருவில் சிறியதாகத் தோன்றுவதாலேயே அது பதினாறு வயதினருக்கு உரியதாகிவிடாது.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் 199அ என்னும் பிரிவைச் சேர்த்தது. சிறார் ஓட்டிக் குற்றம் இழைத்தால், காப்பாளர் அல்லது ஊர்தி உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் தண்டம், ஊர்திப் பதிவு ஓராண்டுக்கு நீக்கம் ஆகியன இதன் விளைவுகள். ஓட்டிய சிறார் 25 வயது நிரம்பும்வரை உரிமம் பெற இயலாது. தமக்குத் தெரியாமல் நிகழ்ந்தது என்றால், அதைப் பெற்றோரே மெய்ப்பிக்க வேண்டும்.

தண்டத்தைவிடப் பெரிய சுமை இழப்பீடு ஆகும். சாலையில் ஊர்தியால் பாதிக்கப்படும் பிறருக்கான மூன்றாம் தரப்புக் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. மாதம் 12,000 ரூபாய் ஈட்டும் 34 வயதுக் காப்பித் தோட்டத் தொழிலாளி ஒருவர், பள்ளி மாணவர் ஓட்டிய ஊர்தி மோதி இறந்துவிடுகிறார் என்று கொள்வோம். அவரை நம்பி மனைவியும் இரு குழந்தைகளும் உள்ளனர். உச்சநீதிமன்றம் 2009, 2017ஆம் ஆண்டுத் தீர்ப்புகளில் வகுத்த முறைப்படி, ஆண்டு வருமானமான 1,44,000 ரூபாயுடன் எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்க்கப்படும். அவருடைய சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். எஞ்சிய 1,34,400 ரூபாய், வயதுக்கேற்ற 16 என்னும் எண்ணால் பெருக்கப்படும். கிடைப்பது 21,50,400 ரூபாய். ஈமச்செலவு முதலியவை தனி.

இத்தொகையைக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிடும் என்று ஊர்தி உரிமையாளர் ஆறுதல் கொள்வதற்கில்லை. உரிமமற்றவர் ஓட்டியதில் உரிமையாளரின் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டால், நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் வழிசெய்யலாம். 2004ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பொன்று இந்நெறியைத் தெளிவுபடுத்தியது. இறந்தவரின் குழந்தைகள் கைவிடப்படாமைக்கு இதுவே காரணம். எனவே இதனை அறமான ஏற்பாடு என்றே கூற வேண்டும். ஆனால் ஓட்டியவரின் வீட்டுக்கு அது கடனாகத் திரும்பி வருகிறது. டெல்லி வழக்கொன்றில், வீட்டுக்கு வந்த உறவினர் சிறுவன் தமக்குத் தெரியாமல் சாவியை எடுத்துச் சென்றான் என்றார் உரிமையாளர். ஊர்தி அவ்வாறு பயன்படாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பே என்று 2011இல் உச்சநீதிமன்றம் கூறியது.

18 வயது நிரம்பியவர் பழகுநர் உரிமம் பெற்று, சிவப்பு நிற ‘எல்’ எழுத்துப் பலகையுடன் பழகலாம். அவ்வுரிமம் ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்தபின் ஓட்டுநர் தேர்வுக்குச் செல்லலாம். மலையூர் மாணவர் அந்த நாள்களில் ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்புவதையும், தாழ்ந்த கியரில் இறங்குவதையும் தேர்ந்த ஒருவர் துணையுடன் பழகிக்கொள்வது நன்று. தேர்வுத் தளம் பெரும்பாலும் சமதளமாகவே இருக்கும்.